இரைப்பைக்கு இரண்டாவது வாசல்: ‘டபிள் பைலோரஸ்’ என்று அறிக்கை வந்தால்

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய அப்பாவுக்கு 68 வயது. வாழ்நாள் முழுதும் தோட்டம் செய்தவர். முழங்கால் வலிக்காகப் பல வருடங்களாகக் குளிசை போட்டுவந்திருக்கிறார். அண்மையில் மலம் கறுப்பாகப் போய், கிணற்றடியில் தலைசுற்றி விழுந்திருக்கிறார். வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றி, வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அறிக்கையில் இரைப்பைப் புண்ணோடு ‘டபிள் பைலோரஸ்’ என்றும் எழுதியிருக்கிறது. கனடாவில் இருக்கும் அக்கா அதை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, உடனே கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்விக்கச் சொல்கிறாராம். இது பிறவிக் குறையா, புற்றுநோயா, வெட்டித்தான் ஆகவேண்டுமா, ஐப்பசியில் அப்பா கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா, பிள்ளைகளுக்கும் வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, அந்தச் சொல்லுக்குப் புற்றுநோய் என்று பொருளில்லை. அப்பாவின் வயதையும் அவர் போட்ட குளிசைகளையும் பார்த்தால், பிறவிக் குறையாக இருப்பதற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நாள்பட்ட புண் ஒன்று இரைப்பைச் சுவரை அரித்து, பக்கத்தில் ஒட்டிக்கிடந்த முன்சிறுகுடலுக்குள் திறந்துவிட்டது. அப்படி உண்டான வழியைத்தான் அறிக்கை சொல்கிறது. அந்த வழியை அடைக்கவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. புண்ணுக்கும் அதை உண்டாக்கிய காரணத்துக்கும்தான் வைத்தியம். இதை இன்றைக்கே அக்காவுக்குச் சொல்லுங்கள். ஆனால் பயம் தெளிந்ததும் அறிக்கையை அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். இதற்குப் பிறகு கட்டாயம் செய்யவேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. அவற்றைத் தவறவிடுகிறவர்கள் பலர். ஆகவே ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசியுங்கள்.

முதலில் உறுப்பைப் பற்றிக் கொஞ்சம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த ஊர் நம்முடையது. இதைத் தமிழில் விளங்கிக்கொள்ள யாரும் தயங்கவேண்டியதில்லை.

நாம் உண்ணும் புட்டும் சோறும் இரைப்பையில் சில மணி நேரம் கிடந்து அமிலத்தோடு பிசையப்படுகின்றன. இரைப்பையின் கீழ்க்கோடியில் வட்டமான தசைவளையம் ஒன்று இருக்கிறது. அதுதான் பைலோரஸ், தமிழில் குடல்வாய் என்போம். உணவு 1 அல்லது 2 மில்லிமீற்றர் அளவுத் துணிக்கைகளாகக் கரைந்து கூழாகும்வரை அந்த வளையம் அதைத் தடுத்து வைத்திருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் விடும். நமது வளவுகளுக்குப் படலை இருக்கிறது. அதைத் திறந்து பூட்டலாம். அதே வேலியில், பக்கத்து வளவுக்குப் போய்வர ஒரு பொட்டும் இருக்கும். அதை யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. ஓலை இற்ற இடத்தால் ஆட்கள் நுழைந்து நுழைந்து வழியாகிப்போனது. படலைக்குக் கொண்டி உண்டு, பொட்டுக்கு இல்லை. அப்பாவின் இரைப்பையில் குடல்வாய்தான் படலை. புண் அரித்த வழி பொட்டு.

அது எப்படி உண்டாகிறது? இரைப்பைக்குள் இருக்கும் அமிலம் மிகக் கடுமையானது, அதன் பி.எச். அளவு 1 முதல் 2 வரை (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமை). அந்த அமிலம் தன் சுவரையே தின்றுவிடாமல் சளிப்படலம் ஒன்று காக்கிறது. காவல் தளர்ந்த இடத்தில் புண் விழுகிறது. புண் மேலோட்டமாக இருந்தால் எரிவோடு போகும். ஆழமாகப் போனால் பல விபரீதங்கள் நடக்கலாம். இரத்தக்குழாயை அரித்தால் இரத்தப்பெருக்கு. சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் திறந்தால் உயிராபத்து. உடனே சத்திரசிகிச்சை வேண்டும். குடல்வாய்ப் பக்கத்தில் தழும்பு பிடித்துச் சுருங்கினால் உணவு இறங்காமல் வாந்தி. நான்காவதாக, மிக அரிதாக, இந்த விடயம் நடக்கிறது. குடல்வாய்க்குச் சற்று முன்னால், பெரும்பாலும் இரைப்பையின் சிறு வளைவுப் பக்கமாக விழுந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கிறது. அந்த அழற்சியால் இரைப்பையின் வெளிப்புறமும் முன்சிறுகுடலின் மேற்புறமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பிறகு புண் துளைக்கும்போது வயிற்றறைக்குள் எதுவும் கசிவதில்லை. துளை நேரே முன்சிறுகுடலின் முதற்பகுதிக்குள் திறக்கிறது. பிறகு அந்தத் துளையின் ஓரங்களில் மெல்லிய சளித்தோல் வளர்ந்து, அது நிலையான வழியாகிவிடுகிறது.

ஒருவகையில் அப்பா பெரிய ஆபத்திலிருந்து தப்பியிருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன். அதே புண் ஒட்டாத இடத்தில் துளைத்திருந்தால் நள்ளிரவில் அவசர ஒப்பரேஷனுக்குக் கொண்டு ஓடியிருப்பீர்கள்.

கமராவில் இது எப்படித் தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அறிக்கையோடு படமும் தந்திருந்தால் அதைப் பார்த்து ஒப்பிடலாம். இரைப்பையின் கடைசிப் பகுதிக்குள் குழாய் போனதும், வழமையாக நடுவில் ஒரே ஒரு வட்டத் துவாரம் தெரியும். அலை அலையாகச் சுருக்கம் வந்து அந்தத் துவாரத்தில் முடியும். அது மூடும், பிறகு திறக்கும். இரட்டை வாசல் உள்ளவரில் அதற்குச் சற்று மேலே இன்னொரு துவாரம் தெரியும். இரண்டுக்கும் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு சதைப்பாலம். சுருக்க அலை வரும்போது உண்மையான வாய் மூடுகிறது. மற்றது அப்படியே திறந்துகிடக்கிறது, சில வேளை அதனூடாக மஞ்சட் பித்தம் நுரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அது வெறும் புண்குழியா, மறுபக்கம் திறந்த வழியா என்பதை உறுதிப்படுத்த, பயொப்சி, அதாவது சோதனைக்குச் சதைத்துண்டு, எடுக்கும் மெல்லிய இடுக்கியை மூடியபடியே அந்தத் துவாரத்துக்குள் விடுவோம். பிறகு குழாயைச் சரியான வாயால் முன்சிறுகுடலுக்குள் கொண்டுபோனால், இடுக்கியின் நுனி மறுபக்கத்துக்கு வந்து நிற்பது தெரியும். துவாரம் பெரிதாக இருந்தால் குழாயையே இரண்டு வழியாலும் விட்டுப் பார்க்கலாம். பல வருடம் கமரா பார்த்தவர்களுக்கும் இது அடிக்கடி கிடைக்கும் காட்சி அல்ல. பல நாடுகளின் பதிவுகளைப் பார்த்தால், கமரா பரிசோதனை செய்தவர்களில் 0.001 முதல் 0.4 வீதமானோரில்தான் இது காணப்பட்டிருக்கிறது. கமராவில் கண்ட முதலாவது நோயாளியைப் பற்றி 1969இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். ஆண்களில் பெண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுவயது தாண்டியவர்களே அதிகம்.

பிறவியிலேயே இரண்டு குடல்வாய் உள்ளவர்களும் உலகத்தில் உண்டு. ஆனால் அவர்கள் இன்னும் அரிது. அவர்களில் நடுப்பாலம் சாதாரண தசையும் தோலுமாக, தழும்போ புண்ணோ இல்லாமல் இருக்கும். உணவுக் கால்வாயில் வேறு பிறவி மாற்றங்களும் சேர்ந்திருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு முன்பு எப்போதாவது கமரா செய்திருந்தால் அந்தப் பழைய அறிக்கையைத் தேடி எடுங்கள். அதில் ஒற்றை வாய் சாதாரணமாக இருந்ததென்று எழுதியிருந்தால், இது பின்னால் வந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்லவந்த விடயம். அப்பாவின் புண் ஏன் ஆறவில்லை?

வலிக் குளிசையால். உங்கள் கடிதத்தில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள், நான் கடக்கப்போவதில்லை. டைக்ளோபினாக், இபுபுரோபன், நப்ரொக்சன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஆகிய எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பையின் சளிப்படலத்தையும் அதற்கு வரும் இரத்த ஓட்டத்தையும் காக்கின்ற புரொஸ்டகிளான்டின் என்ற பொருளை உடல் உண்டாக்க விடாமல் இவை தடுக்கின்றன. வலி குறைவதும் அதே தடையால்தான். ஆகவே வலியைக் குறைத்துக்கொண்டு வயிற்றைத் தொடாமல் விடுவது இவற்றால் முடியாது. சாப்பிட்ட பிறகு போட்டால் பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எரிவு கொஞ்சம் குறையலாம். ஆனால் மருந்து இரத்தத்தில் கலந்த பிறகும் அதே தடையைச் செய்கிறது. ஊசியாகப் போட்டாலும், பின்வழியாக வைத்தாலும் அப்படித்தான். இன்னொரு கெடுதி, வலி மருந்தே புண்ணின் வலியையும் மறைத்துவிடுகிறது. அதனால்தான் அப்பாவைப் போன்ற முதியவர்களில் வயிற்றுவலி என்ற எச்சரிக்கையே இல்லாமல் கறுப்பு மலம்தான் முதல் அறிகுறியாக வருகிறது.

எங்கள் ஊர்த் தோட்டக்காரர்களின் உடல்வலி எனக்குத் தெரியாததல்ல. கோண்டாவிலிலும் இணுவிலிலும் உரும்பிராயிலும் செம்மண்ணில் குந்தியிருந்து வெங்காயம் நட்டவரின் முழங்கால், 60 வயதில் வலிக்காமல் என்ன செய்யும்? அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேப்பர்ச் சரையை எடுத்து விரித்தால், உள்ளே பெயர் தெரியாத இரண்டு மூன்று நிறக் குளிசைகள் இருக்கும். ஒன்று வலிக்கு, ஒன்று வீக்கத்துக்கு, ஒன்று ‘கஸ்ரைட்டிஸ்’ வராமல் இருக்க என்று சொல்லிக் கொடுத்தார்களாம். வலிக்கும் வீக்கத்துக்கும் தந்தது ஒரே குடும்பத்துக் குளிசைகளாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சில வேளை வீக்கக் குளிசை, அழற்சியை அடக்கும் கடும் மருந்தான ஸ்டீரொயிட்டாக இருக்கும். ஸ்டீரொயிட்டும் வலிக் குளிசையும் சேர்ந்தால் புண்ணுக்கான ஆபத்து பல மடங்காகிறது. 2006ஆம் ஆண்டின் கடைசியில் குடாநாட்டில் சிக்குன்குனியா பரவியபோது மூட்டுவலிக்காக இந்தக் குளிசைகளைத் தொடங்கியவர்கள் உண்டு. காய்ச்சல் போன பிறகும் பழக்கம் போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் அன்போடு கொண்டுவந்து கொடுக்கும் பெரிய போத்தல் இபுபுரோபனும் இதற்குள் அடக்கம். அக்காவிடம் கேளுங்கள், அப்படி ஒரு போத்தல் உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கக்கூடும். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மூட்டுவலிக்கு என்று விற்கப்படும் பெயரில்லாத சூரணங்களிலும் கவனம் வேண்டும். அவற்றுக்குள் ஸ்டீரொயிட்டும் வலி மருந்தும் களவாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இது சித்தமருத்துவத்தைக் குறைசொல்லும் பேச்சு அல்ல. முறையாகப் படித்த சித்த வைத்தியரிடம் போகிறவர் அவரிடமும் இந்த அறிக்கையைக் காட்டட்டும்.

இரண்டாவது காரணம் கிருமி. ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா இரைப்பைச் சளிக்குள் குடியிருந்து புண்ணை உண்டாக்குகிறது என்பதை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரனும் பரி மார்ஷலும் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை என்பதால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். சில நாட்களில் அவருடைய இரைப்பை அழற்சியடைந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அமிலத்தையும் மனக்கவலையையும் மட்டுமே பழிசொல்லிக்கொண்டிருந்த ஒரு வருத்தத்தை இரண்டு வார அன்ரிபயோட்டிக்கால் மாற்றலாம் என்று ஆனது சிறிய காரியமல்ல. அப்பாவுக்கு இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா? அறிக்கையில் பாருங்கள். ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள்: இரத்தம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த சோதனை ‘கிருமி இல்லை’ என்று வந்தாலும் அதை முழுதாக நம்பக்கூடாது. இரத்தப்பெருக்கு நேரத்திலும், அமிலத்தை அடக்கும் மருந்து எடுக்கும்போதும் பொய்யாக ‘இல்லை’ என்று வருவது வழக்கம். அப்பாவுக்கு ‘இல்லை’ என்று வந்திருந்தால் பிறகு ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இவற்றோடு, உடலின் ஆறும் திறனைக் குறைக்கும் நாட்பட்ட வருத்தங்களும் இரட்டை வாசல் உள்ளவர்களில் அடிக்கடி காணப்படுகின்றன: நீரிழிவு, சிறுநீரகப் பழுது, நாட்பட்ட சுவாசப்பை நோய், மூட்டுவாதம். அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் புண்ணுக்குச் செய்யும் வைத்தியம்தான். குளிசையும் இல்லை, கிருமியும் இல்லை, ஆனாலும் புண் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அமிலச் சுரப்பை மிதமிஞ்சித் தூண்டும் ஓமோன் கட்டி போன்ற அரிய காரணங்களைத் தேடவேண்டியிருக்கும். அப்பாவின் கதையில் குளிசை இவ்வளவு தெளிவாக நிற்கும்போது முதலில் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

புற்றுநோய்ப் பயத்துக்கு வருகிறேன். இரண்டாவது வாசல் புற்றுநோயல்ல. புற்றுநோயாக மாறும் பொருளுமல்ல. ஆனால் இரைப்பையில் இருக்கும் எந்தப் புண்ணையும் கண்ணால் மட்டும் பார்த்துச் ‘சாதாரண புண்’ என்று விட்டுவிடக்கூடாது. இரைப்பைப் புற்றுநோய் சில வேளை சாதாரண புண்ணின் தோற்றத்தில்தான் வரும். அமில மருந்துக்குக் கொஞ்சம் ஆறுவதாகக்கூடப் போக்குக் காட்டும். ஆகவே புண்ணின் ஓரங்களிலிருந்து பல துண்டுகள் எடுத்துப் பயொப்சிக்கு அனுப்பவேண்டும். பொதுவாக ஆறு அல்லது அதற்கு மேல் எடுப்போம். இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது முதல் கமராவில் துண்டு எடுக்காமல் விடுவதுண்டு; அப்போதைய வேலை இரத்தத்தை நிறுத்துவது. அப்படி விட்டிருந்தால் அதற்கு இரண்டாவது கமரா தேவை. துண்டு எடுத்து முடிவு நன்றாக வந்திருந்தாலும், இரைப்பைப் புண்ணுக்கு 8 முதல் 12 வாரத்தில் திரும்ப ஒருமுறை பார்த்து முழுதாக ஆறியதை உறுதிப்படுத்துவது நல்லது. இதற்குத்தான் ஆட்கள் போகாமல் விடுகிறார்கள். வலி இல்லை, சாப்பாடு இறங்குகிறது, பிறகேன் அந்தக் குழாயை விழுங்குவான் என்கிறார்கள். அப்பாவும் அப்படிச் சொல்லுவார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி. முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறுவயிறு, தொண்டையில் மரப்பு மருந்து, சில நிமிட அவதி, அவ்வளவுதான்.

அக்கா சொல்லும் ஒப்பரேஷன் பற்றி. 1970களுக்கு முந்திய தலைமுறையில் வயிற்றுப்புண்ணுக்கு ஒப்பரேஷன் சர்வசாதாரணம்; மேல்வயிற்றில் நெடுந்தழும்போடு இருக்கும் பெரியவர்களை எங்கள் ஊரில் இன்றும் காணலாம். அமிலத்தை அடக்கும் மருந்துகளான சிமெற்றிடின் 1970களிலும், ஒமிப்பிரசோல் 1980களின் இறுதியிலும் வந்த பிறகு, கிருமிக்கான மருந்தும் சேர்ந்து, அந்த ஒப்பரேஷன்களைப் பெரும்பாலும் வழக்கொழியச் செய்துவிட்டன. அந்தக் காலத்தில் சத்திரசிகிச்சை நிபுணர்கள் செய்தவற்றுள் ஒன்று, இரைப்பையைச் சிறுகுடலோடு தைத்து உணவுக்கு இன்னொரு வழி திறந்துவிடுவது. அதாவது, இரைப்பைக்கு இரண்டு வாசல் இருந்தால் மனிதர் வாழமுடியாது என்பதில்லை. வைத்தியர்களே வேண்டுமென்று இரண்டாவது வாசல் வைத்திருக்கிறார்கள். உண்மையான குடல்வாய் தழும்பால் இறுகிப்போன சிலரில், புண் திறந்த புதுவழியால் உணவு இலகுவாக இறங்கி, வாந்தியும் வயிற்றுப் பாரமும் குறைந்ததும் உண்டு.

இனி அந்தத் துளைக்கு என்ன நடக்கும்? புண் ஆறினாலும் பெரும்பாலானவர்களில் அது அப்படியே திறந்திருக்கும். சிலரில் காலப்போக்கில் நடுப்பாலம் கரைந்து இரண்டு வாயும் ஒரே பெரிய வாயாகிவிடும். மிகச் சிலரில்தான் தானாக மூடும். கிருமியை ஒழித்தால் துளை அடைபடும் என்று நினைத்துவிடாதீர்கள்; கிருமி ஒழிப்பது புண் ஆறவும் திரும்ப வராமலிருக்கவும். ஆகவே அடுத்த கமராவிலும் ‘டபிள் பைலோரஸ்’ என்றே எழுதியிருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று கவலைப்படாதீர்கள். புண் ஆறியதா என்ற வரியை மட்டும் பாருங்கள். மருந்துக்கு அடங்காத புண், திரும்பத் திரும்ப இரத்தப்பெருக்கு, உணவு இறங்காத அடைப்பு, சந்தேகமான பயொப்சி ஆகியவை வந்தால்தான் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசவேண்டும். அடைப்பு உள்ள சிலருக்குக் கமராவினூடாகவே நடுப்பாலத்தை வெட்டிவிட்டும் இருக்கிறார்கள். இவற்றில் எதுவும் இல்லாத அப்பாவைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு அலையவேண்டாம். கமரா பரிசோதனையும் வேண்டிய மருந்துகளும் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கின்றன.

மருந்து எடுப்பதில் பிழைவிடுவது எங்கே என்று சொல்கிறேன். ஒமிப்பிரசோல் போன்ற குளிசையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் எடுக்கவேண்டும். சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அமிலச் சுரப்பிகள் விழிக்கின்றன; அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடக்கும். எரிந்தால் போடுகிற குளிசையல்ல இது. எரிவு நின்ற பிறகும் வைத்தியர் சொன்ன நாள்வரை, வழமையாக 8 வாரம், தொடர வேண்டும். கிருமி இருந்தால் அதனோடு இரண்டு அல்லது மூன்று மருந்துகள், பொதுவாக 14 நாள். வாய் கசக்கும், வயிறு குழம்பும். பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, மூச்சு அல்லது மலச் சோதனையால் கிருமி போய்விட்டதா என்று பார்க்கவேண்டும். இரத்தம் குறைந்ததற்கு இரும்புச்சத்துக் குளிசை தந்திருப்பார்கள். அதுவும் மலத்தைக் கறுப்பாக்கும். அதைக் கண்டு பதறாதீர்கள். இரும்புக் குளிசையின் கறுப்பு கெட்டியாக இருக்கும். இரத்தம் போகும் கறுப்பு தாராக ஒட்டும், தாங்கமுடியாத நாற்றம் அடிக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் பேசாமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

முழங்கால் வலி இருக்கத்தானே போகிறது? பரசிற்றமோல் இரைப்பையை இப்படிப் புண்ணாக்காது. 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. மெலிந்த முதியவருக்கும் ஈரல் பழுதுள்ளவருக்கும் மது அருந்துபவருக்கும் அதைவிடக் குறைவு. வலிக்கிற இடத்தில் பூசும் மருந்தில் மிகச் சிறு பங்குதான் இரத்தத்துக்குப் போகிறது. அதையும் வைத்தியரைக் கேட்டுப் பாவிக்கலாம். இயன்மருத்துவப் பயிற்சி, எடை குறைத்தல், குந்துவதைக் குறைத்து உயரமான கதிரையும் மலசலகூடத்தில் இருக்கையும் வைத்துக்கொள்வது எல்லாம் முழங்காலுக்குக் குளிசையைவிட நீண்டகால நன்மை தரும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இதய வருத்தத்துக்கோ பாரிசவாதத்துக்கோ அஸ்பிரின் எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தால், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பது வைத்தியர் எடுக்கவேண்டிய முடிவு.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்து உறைப்புத்தான் புண்ணுக்குக் காரணம் என்ற பேச்சு எவ்வளவு பரவலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆதாரம் இல்லை. வறுத்து இடித்த தூள் போட்ட கறி புண்ணை உண்டாக்குவதில்லை. இருக்கிற புண்ணில் எரிவைக் கூட்டலாம். எரிந்தால் ஆறும்வரை குறையுங்கள். பிறகு அவருடைய மீன்குழம்பை அவருக்குக் கொடுங்கள். பால் குடித்தால் ஆறும் என்பதும் சரியல்ல. சற்று நேரம் இதமாக இருக்கும், பிறகு அமிலம் இன்னும் சுரக்கும். கட்டாயம் நிறுத்தவேண்டியது புகை. சுருட்டு குடிக்கிறவரின் புண் ஆறுவது தாமதமாகிறது, ஆறியதும் திரும்ப வருகிறது. புகையிலை பயிரிட்டே பிள்ளைகளைப் படிப்பித்த மண்ணில் இதைச் சொல்வது கடினம். ஆனாலும் அப்பாவின் சுருட்டைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால், அதையும் கேட்டுப் பாருங்கள்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பது அப்பாவின் பல வருட வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடம் வேண்டாம். புண் ஆறியது கமராவில் தெரியும்வரை மருந்தும் நேரத்துக்குச் சாப்பாடும் தவறக்கூடாது; இரத்தம் குறைந்த உடம்பு இப்போதுதான் தேறிவருகிறது. கோயிலுக்குப் போகட்டும், கவசம் படிக்கட்டும், மரக்கறிச் சாப்பாட்டோடு நோன்பிருக்கட்டும். ஆறிய பிறகு வரும் வருடங்களில், வைத்தியரோடு பேசி, மருந்து எடுத்துக்கொண்டு ஒருவேளை உணவோடு பிடிக்கத் தடையில்லை.

எந்நேரத்திலும் தாமதிக்காமல் ஓடவேண்டிய அறிகுறிகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். தார்க் கறுப்பு மலம், இரத்தமாகவோ கோப்பித்தூள் நிறமாகவோ வாந்தி, எழும்பும்போது கண் இருட்டி மயக்கம், திடீரென்று வெட்டியெடுப்பதான வயிற்றுவலியோடு வயிறு தொட முடியாதபடி இறுகுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நீங்கள் சுன்னாகத்தில் இருப்பதால் வழி கிட்ட. நெடுந்தீவிலோ வேறு தீவுகளிலோ இதே வருத்தத்தோடு இருப்பவர்கள் இதை வாசித்தால், கடல் கடக்க வேண்டியவர்கள் நீங்கள் என்பதால், முதல் கறுப்பு மலத்தைக் கண்டதுமே அங்குள்ள வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். முதல்நாள் உண்ட சோறு மறுநாள் வாந்தியில் அப்படியே வருவதும், காரணமில்லாமல் உடல் மெலிவதும் அவசரமில்லாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் காட்டவேண்டியவை.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கமரா அறிக்கையையும் படத்தையும் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு வைத்தியர் பின்னொரு நாள் கமரா விட்டால், இந்த இரண்டாவது துவாரத்தை அவர் புதுப் புண்குழி என்று நினைக்காமலிருக்க அது உதவும். அங்கே கேட்கவேண்டியவை: பயொப்சி எடுத்தீர்களா, முடிவு என்ன, கிருமிச் சோதனை திரும்பத் தேவையா, அடுத்த கமரா எப்போது, ஹீமோகுளோபின் இப்போது எவ்வளவு. வரிசையில் ஆட்கள் நின்றாலும் தயங்காமல் கேளுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கும் பதில்சொல்ல இலகு.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புண் அரித்து உண்டான இந்த வாசல் பரம்பரையாக வருவதில்லை. உங்களுக்கோ அக்காவுக்கோ இதற்காகக் கமரா தேவையில்லை. கிருமி மட்டும் ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகக்கூடியது. பெரும்பாலும் சிறுவயதில் தொற்றுவது. அப்பாவுக்கு அது இருப்பது உறுதியானால், வீட்டில் வயிற்றெரிவோ நோவோ உள்ளவர்கள் மூச்சு அல்லது மலச் சோதனை செய்துகொள்ளலாம். அம்மாவுக்கும் முழங்கால் வலி இருந்து, அவரும் அதே சரைக் குளிசையைப் பங்குபோட்டு எடுத்திருந்தால், இந்தக் கிழமையே அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஹீமோகுளோபின் பாருங்கள்.